வெற்று எடை

லாபிஸ் மில்லில் என் வேலை எளிது.
லாரி மேடை ஏறும், எண் நிற்கும், சீட்டுக் கிழிப்பேன்.
செம்பனைக் குலையைக் கொட்டிவிட்டு
அதே லாரி திரும்பி ஏறும்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால்
தோட்டத்துக்குக் காசு.
கழிபடும் எண்ணை யாரும் கேட்பதில்லை.

தவநேசன் ஓட்டுவது பழைய ஹினோ.
போன தைப்பூசம் வரை
சன்னலை இறக்கி, உச்சத்தில் ஒரு கூவல் விட்டுத்தான்
மேடையை விட்டு இறங்குவான்.
சிகாமட் ஆஸ்பத்திரியில் அவன் தொண்டையிலிருந்து
மிளகளவு எதையோ எடுத்தார்கள்.
இப்போது கையை மட்டும் காட்டுகிறான்.

பாட வந்தான், ஆனாலும்.
அவன் குரல் இரண்டு படி கீழே நின்றுகொண்டு
எங்களை அண்ணாந்து பார்த்தது.
"நீங்க எறங்கி வாங்கப்பா" என்றான்.

கீபோர்டு ஜோசுவாவுக்கு அது ஒரு பொத்தான்.
டிரம்ஸ் இன்பனுக்கு அதுவும் இல்லை.
எனக்கு நான்கு கம்பி, நான்கு பிருடை.
ஈ-யைத் தளர்த்தித் தளர்த்தி சி-க்குக் கொண்டுவந்தேன்.
ஈரப் போர்வை போட்ட கொடிக்கயிறாய்த் தொய்ந்தது.
தொட்டால் கட்டைகளில் மோதிச் சடசடத்தது.
அழுத்தி மீட்டினால் சுருதி ஏறி, பிறகு இறங்கியது,
பொய்யை முதலில் சொல்லிவிட்டுத்
திருத்திக்கொள்கிறவன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் குளுவாங் போனேன்.
லோ கியான் வெங் கடை.
"தங்கச்சி, பெராப்பா ரெண்டா?"
எவ்வளவு கீழே என்கிறார், மலாயில்.
என் காதில் அது தமிழாக விழுந்தது.
ரெண்டுதான், என்றேன்.
இரண்டு முழுச் சுருதி.
எந்த மொழியிலும் கணக்குச் சரி.

இரண்டு உறைகளைக் கண்ணாடி மேல் வைத்தார்.
ஒன்றில் உருண்டைச் சுற்று:
விரல் ஓடினால் பல்லிபோல் கீச்சிடும், பளீரென்று பேசும்.
மற்றதில் தட்டைச் சுற்று:
ரிப்பன் வழவழப்பு. பேசாது. உம் கொட்டும்.
நான் பளீரென்பதில் வளர்ந்தவள்.
கை அங்கேதான் போனது.

ஆனால் தவநேசன் குரலில் இப்போது மணல் இருக்கிறது.
மணலுக்குப் பக்கத்தில் இன்னும் மணலா?

"இதுவும் தொய்யுமே" என்றேன்.
ஐந்து கம்பிக் கட்டு வாங்கு என்றார் வெங்,
மெல்லிய ஜி-யை விட்டுவிடு,
தடித்த பி-யை அரைச் சுருதி ஏற்று, சி வந்துவிடும்,
நாற்பது பவுண்டு இழுப்பு.
எடையில் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது.
இருநூற்றுப் பத்து ரிங்கிட்,
அது மட்டும் புரியவில்லை.

கம்பி தடி, தலைப்பள்ளம் ஒல்லி.
ஊசி அரத்தால் தேய்த்தேன்,
மடியெல்லாம் வெள்ளைத் தூள்.
முனையில் சிவப்புப் பட்டு நூல் சுற்றியிருந்தது,
காப்புக் கட்டியது போல.
மடக்கிவிட்டு வெட்டு, வெட்டிவிட்டு மடக்காதே,
சுற்று அவிழ்ந்துபோகும் என்று
வெங் இரண்டு முறை சொல்லியிருந்தார்.
மடக்கினேன். மூச்சைப் பிடித்து வெட்டினேன்.

சாஆவில் ஒரு நிச்சயதார்த்த விருந்து.
"ஒன் சத்தமே கேக்கல" என்றான் இன்பன்.
பெண்ணின் சித்தப்பா வந்து
என் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
அடுக்கியிருந்த தட்டுகள் மட்டும்
ஒன்றோடொன்று மெல்லப் பேசிக்கொண்டன.
மூன்றாவது பாட்டில்
தவநேசன் மைக் ஸ்டாண்டைத் தூக்கி
என் பக்கமாக நகர்த்திக்கொண்டான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவன் லாரி ஏறியது.
பதினோராயிரத்து நானூற்றிருபது.
இறங்கி வந்தபோது நாலாயிரத்து எண்பது.
கை காட்டினான்.

அந்த ஜி கம்பி மேசை அறையில் கிடந்தது.
ஆபீஸ் சன்னலுக்குக் கொக்கி உடைந்து பல மாதம்.
அதால் இழுத்துக் கட்டிவிட்டேன்.
மழைக்காற்று தள்ளும்போது
மேலே, மிக மேலே, ஒரு சத்தம் வருகிறது.
என்ன சுருதி என்று இன்னும் பார்க்கவில்லை.